உணவுக்குழாய்ப் புற்றுநோய்: முதல் அடியைச் சரியாக வைப்போம்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ வழிகாட்டுக் கூட்டத்தில், புற்றுநோய் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம். தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.)





உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசும்படி நிர்வாகிகள் கேட்டார்கள். கடந்த ஓராண்டில் உதவி கேட்டு வந்த மனுக்களில் இந்த நோய் அடிக்கடி தென்படுகிறது என்றார்கள். நான் என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் உம்மாவின் கூடப்பிறந்த மாமா ஒருவர். ஒரு ரமலானில் அவர் பேரீச்சம்பழத்தை எடுக்காமல் தண்ணீரால் நோன்பு திறந்தார். பிறகு கஞ்சி மட்டும் குடித்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெருநாளன்று பிரியாணியில் கை வைக்கவில்லை. "வயசாச்சுல்ல மருமகனே, கறி ஒத்துக்கல" என்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் போனபோது இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புற்றுநோய் மருத்துவன் பக்கத்தில் இருந்தும் இரண்டு பெருநாள்களுக்கு இடைப்பட்ட காலம் வீணாகிவிட்டது. நோன்புக் கஞ்சி அவருடைய நோயை மறைத்துவிட்டது.

இந்த நோய் இப்படித்தான் வரும். உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, நன்றாக விரிந்து கொடுக்கும் தசைக்குழாய். உள்ளே கட்டி வளர்ந்தாலும் பாதைக்குப் பெரிய தடை வரும்வரை நமக்குத் தெரியாது. முதலில் கறியும் புரோட்டாவும் நிற்கும். பிறகு சோறு நிற்கும். பிறகு இட்லி. கடைசியில் தண்ணீர். ஆகவே விழுங்கச் சிரமம் என்று ஒருவர் மருத்துவரிடம் வரும்போது, பெரும்பாலும் நோய் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டியிருக்கும்.

எது 'நடுக்கட்டம்'?

நோய் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள் அல்ல. இன்று நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

கட்டி குழாயின் சுவரைத் துளைத்து வெளிப்புறம் வரை வந்திருக்கலாம். பக்கத்து நெறிக்கட்டிகளுக்கும் போயிருக்கலாம். ஆனால் ஈரல், நுரையீரல், எலும்பு போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் போகவில்லை. இந்தக் கட்டத்தை நாங்கள் 'அந்த இடத்திலேயே முற்றிய நோய்' என்கிறோம். வீட்டில் "முத்திப்போச்சாம்" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தவுடன் கஃபன் துணியைப் பற்றி நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு முழுக் குணத்தைக் குறிவைத்தே சிகிச்சை செய்கிறோம். எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. ஆனால் கிடைப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இந்த நோய்க்கு அறுவை, கதிர், மருந்து என்று மூன்று ஆயுதங்கள் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது, எதை அடுத்து எடுப்பது என்ற வரிசை மிக முக்கியம். வரிசை தவறினால் நல்ல ஆயுதமும் பயன்படாது.

முதலில் அளந்து பார்க்க வேண்டும்

எண்டோஸ்கோப்பி போட்டு, சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். "சதை எடுத்தால் பரவிவிடும்" என்ற பயம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அது தவறு. அந்தப் பரிசோதனை இல்லாமல் இது எந்த வகை என்று சொல்லவே முடியாது. வகை தெரியாமல் மருந்து தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டு வகைகள் உண்டு. ஒன்று செதிள் செல் வகை. நம் நாட்டில் அதிகம் காண்பது இதுதான். புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையது. மற்றொன்று சுரப்பிச் செல் வகை. இது குழாயின் கீழ்முனையில், இரைப்பையை ஒட்டி வருவது. நீண்ட நாள் நெஞ்செரிச்சல், உடற்பருமன் உள்ளவர்களுக்கு அதிகம்.

அடுத்து சி.டி. ஸ்கேன், வசதி உள்ள இடங்களில் பெட் ஸ்கேன். இவை நோய் தூரத்துக்குப் போயிருக்கிறதா என்று காட்டும். கட்டி மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் கருவி விட்டுப் பார்ப்போம். இவையெல்லாம் முடிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். "டெஸ்ட் டெஸ்டுன்னு காசைக் கறக்கிறாங்க" என்று கோபப்படாதீர்கள். துணியை அளக்காமல் வெட்டுகிற தையற்காரரிடம் நாம் கொடுப்போமா?

ஐந்து வாரம், பிறகு அறுவை

முன்பெல்லாம் கட்டியைக் கண்டவுடன் நேராக அறுவை செய்தோம். பலருக்கு நோய் திரும்பி வந்தது. நெதர்லாந்து நாட்டில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வழக்கத்தை மாற்றியது. ஒரு பகுதியினருக்கு நேராக அறுவை. மறு பகுதியினருக்கு முதலில் வாரம் ஒருமுறையாக ஐந்து வாரம் கீமோதெரபி, கூடவே மொத்தம் 23 நாள் கதிர் சிகிச்சை, அதன் பிறகு அறுவை. நேராக அறுவை செய்தவர்களில் பாதிப் பேர் 24 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். முதலில் கீமோவும் கதிரும் பெற்றவர்களில் பாதிப் பேர் 49 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். அதாவது இரண்டு மடங்கு. பத்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, அறுவை மட்டும் செய்தவர்களில் நூற்றுக்கு 25 பேரும், சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

செதிள் செல் வகையினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அறுவையில் எடுத்த குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபோது உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. ஐந்து வார மருந்தும் கதிரும் அந்த அளவுக்கு வேலை செய்திருந்தன.

சுரப்பிச் செல் வகைக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. ஜெர்மனியில் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், கதிர் இல்லாமல் நான்கு மருந்துகள் கொண்ட கீமோவை அறுவைக்கு முன்பும் பின்பும் கொடுத்தது மேலானது என்று தெரிந்தது. அதைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 66 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். பழைய முறையில் அது 37 மாதம். ஆனால் இது கடுமையான கீமோ. உடல் தாங்குமா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஜப்பானில் செதிள் செல் வகைக்கே மூன்று மருந்து கீமோவை முதலில் கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

எனவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதிர் கொடுத்தார்கள், எங்களுக்கு ஏன் இல்லை என்று குழம்ப வேண்டாம். ஒரே நோய்ப் பெயர்தான், ஆனால் வகை வேறு, இடம் வேறு, உடல் வேறு.

அறுவை என்றால் என்ன?

இதை மறைக்காமல் சொல்கிறேன். இது பெரிய அறுவை. நெஞ்சிலும் வயிற்றிலும், சிலருக்குக் கழுத்திலும் வேலை இருக்கும். நோயுள்ள குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் தைத்து மேலே இழுத்து இணைப்போம். இப்போது பல இடங்களில் சிறு துளைகள் வழியாகவே செய்கிறோம். அதில் நுரையீரல் தொற்று குறைகிறது. இருந்தாலும் தையல் போட்ட இடத்தில் கசிவு, நிமோனியா, குரல் கம்மல் எல்லாம் வரக்கூடும். நல்ல கைகளில்கூட நூற்றில் சிலரை இழக்கிறோம்.

இந்த அறுவையை அடிக்கடி செய்யும் மருத்துவமனைகளில் உயிரிழப்பு குறைவு என்பது பல நாடுகளில் நிரூபணமான உண்மை. ஆகவே கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். "டாக்டர், இந்த ஆபரேஷனை இங்கே வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

அறுவை இல்லாமல் முடியுமா?

எல்லாருக்கும் அறுவை செய்ய முடியாது. கட்டி மூச்சுக்குழாயையோ மகாதமனியையோ பிடித்திருந்தால் எடுக்க இயலாது. இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்கள் அறுவையைத் தாங்க மாட்டார்கள். கழுத்துப் பகுதியில் கட்டி இருந்தால் குரல்வளையையும் எடுக்க நேரிடும் என்பதால் கதிரையே தேர்ந்தெடுப்போம். இவர்களுக்குக் கூடுதல் அளவில், ஐந்து முதல் ஆறு வாரம், கீமோவும் கதிரும் சேர்த்துக் கொடுப்போம். இதுவும் குணப்படுத்தும் நோக்கமுள்ள சிகிச்சைதான். அமெரிக்காவில் நடந்த பழைய ஆய்வொன்றில், கதிர் மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டு கடந்தவர் ஒருவரும் இல்லை. கீமோவோடு சேர்த்துப் பெற்றவர்களில் நான்கில் ஒருவர் கடந்தார். ஆகவே "கரண்ட் மட்டும் வைத்துக்கொள்கிறோம், கீமோ வேண்டாம்" என்று சொல்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

கீமோவும் கதிரும் முடிந்து கட்டியே தெரியவில்லை, பிறகும் அறுவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நெதர்லாந்திலேயே இதை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். கட்டி முழுதும் மறைந்தவர்களில் ஒரு பகுதியினரை அறுவை செய்யாமல் கண்காணித்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் உயிர்வாழ்ந்தவர்கள் கண்காணிப்பில் நூற்றுக்கு 74, அறுவையில் நூற்றுக்கு 71. ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கண்காணிப்பு என்றால் சும்மா வீட்டில் இருப்பதல்ல. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கொரு முறை எண்டோஸ்கோப்பி, சதைப் பரிசோதனை, ஸ்கேன். பலருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தது. உடனே கண்டுபிடித்ததால் அறுவை செய்ய முடிந்தது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஆறு மாதம் வராமல் இருப்பவருக்கு இந்த வழி பொருந்தாது.

ஒரு வருத்தமான கதை

மாமாவுக்கு நோய் தெரிந்த அதே ஆண்டில் வேறோர் ஊரிலிருந்து ஒரு பாய் வந்தார். மீன் வியாபாரி. வயதும் நோயின் கட்டமும் மாமாவைப் போலவே. அவருக்குத் தண்ணீர் இறங்காமல் போனபோது, ஒரு மருத்துவமனையில் உடனே உணவுக்குழாய்க்குள் கம்பிச் சுருள் வைத்துவிட்டார்கள். ஸ்டென்ட் என்பார்கள். மறுநாளே சோறு இறங்கியது. குடும்பம் சந்தோஷப்பட்டு ஊருக்குப் போய்விட்டது. சதைப் பரிசோதனை முடிவு பையிலேயே கிடந்தது. அதற்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது ஈரலுக்குப் பரவியிருந்தது.

ஸ்டென்ட் வைக்காமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஹயாத்து அல்லாஹ்வின் கையில். ஆனால் அந்த வாய்ப்பே அவருக்குக் கொடுக்கப்படவில்லை. நோய் பரவிவிட்டவருக்கு ஸ்டென்ட் பெரிய நிம்மதி. குணப்படுத்தும் வாய்ப்பு உள்ளவருக்கு, பொதுவாக அதைத் தவிர்க்கிறோம். உணவு இறங்க வேறு வழி இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் போடலாம். அல்லது வயிற்றில் சிறு துளையிட்டு, சிறுகுடலில் குழாய் வைக்கலாம்.

குழாய் என்றவுடன் வீட்டில் அழுகிறார்கள். "குழாயில ஊத்துற நிலைமைக்கு வந்துட்டாரே" என்கிறார்கள். அது கடைசி நிலைமையின் அடையாளமல்ல. போருக்குப் போகிறவருக்குக் கொடுக்கும் சாப்பாடு. எடை குறைந்துகொண்டே போனால் கீமோவைப் பாதியில் நிறுத்த வேண்டி வரும். பால், முட்டை, பருப்பு, சத்துமாவு ஆகியவற்றை மருத்துவமனை உணவு ஆலோசகர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

அறுவைக்குப் பின்

வாழ்க்கை கொஞ்சம் மாறும். ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது. ஒரு நாளைக்கு ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும். சாப்பிட்டவுடன் குனிந்தால் உணவு மேலே வரும். என் மாமா இதைச் சொல்லித்தான் முதலில் வருந்தினார். "சுஜூதுல எல்லாம் மேல வருது மருமகனே" என்றார். சாப்பிடும் முன்பே தொழுதுகொள்ளுங்கள், முடியாத நாளில் நாற்காலியில் தொழுங்கள் என்றேன். அந்தச் சிறிய மாற்றம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நோன்பைப் பொறுத்தவரை, சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு நடக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நாமாக மறுக்க வேண்டாம்.

பணம் பற்றி

அறுவையில் எடுத்த பகுதியில் நோய் மிச்சமிருந்தால், ஓராண்டுக்கு இம்யூனோதெரபி என்னும் எதிர்ப்புச் சக்தி ஊசி தரும் வழக்கம் வந்திருக்கிறது. 2021இல் வெளியான ஆய்வில் நோய் திரும்பாத காலம் 11 மாதத்திலிருந்து 22 மாதமாக உயர்ந்தது. ஆனால் மொத்த ஆயுள் கூடுகிறது என்பது அதே ஆய்வின் இறுதிக் கணக்கில் உறுதியாக நிரூபணமாகவில்லை. ஊசியின் விலையோ மிக அதிகம். வீட்டை விற்று, பெண்பிள்ளையின் நகையை விற்று இதைப் போட வேண்டுமா என்று கேட்டால், அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். முதல் ஐந்து வாரத்தையும் அறுவையையும் ஒழுங்காக முடிப்பதுதான் அடிப்படை.

அந்த அடிப்படைக்கு நம் மாநிலத்தில் வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்கள் இருக்கின்றன.

அப்படியிருந்தும் ஏன் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள்? நான் பார்த்தவரை மருந்துச் செலவு மட்டும் காரணமல்ல. ஐந்து வாரம் தினமும் கதிருக்குப் போக வேண்டும். தங்க இடமில்லை. கூட இருப்பவருக்கு அந்த ஐந்து வாரம் கூலி இல்லை. இரண்டாவது வாரம் முடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவதோடு நிற்காமல், மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை, இரண்டு பேருக்குச் சாப்பாடு, வாரம் ஒரு முறை "போனீங்களா?" என்று கேட்க ஒரு ஆள், இந்த மூன்றையும் ஏற்பாடு செய்யுங்கள். அந்த உதவியால் ஓர் உயிர் நிற்கலாம்.

துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள்

*அத்தாவுக்கு நோய் என்று அவரிடம் சொல்லலாமா?* சொல்லுங்கள், மென்மையாக. ஐந்து வாரம் கதிரும் பெரிய அறுவையும் அவர் உடம்பில்தான் நடக்கப்போகிறது. எதற்கு என்று தெரியாதவர் எப்படிப் பொறுத்துக்கொள்வார்?

*நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வரலாமா?* "பார்த்துவிட்டு" என்ற அந்த மூன்று மாதத்தில்தான் நடுக்கட்டம் கடைசிக் கட்டமாகிறது.

*சூடான டீ காரணமா?* 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. ஆறவைத்துக் குடியுங்கள். ஆனால் டீயைவிட வெற்றிலையோடு போடும் பாக்கும் புகையிலையும் பல மடங்கு ஆபத்து. நம் பெரியம்மாக்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரியவந்திருக்கிறது. நாளைக்கு என்ன செய்ய?* மூன்று விஷயம். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். எந்தச் சிகிச்சையையும் தொடங்கும் முன், அறுவை மருத்துவர், கதிர் மருத்துவர், கீமோ மருத்துவர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் மருத்துவமனைக்கு எல்லாக் காகிதங்களோடும் போங்கள்.

மாமாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவருக்கு இது ஐந்தாவது வருடம், அல்ஹம்துலில்லாஹ். போன ரமலானில் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, நான்காக நறுக்கி, ஒவ்வொன்றாக மென்று நோன்பு திறந்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன மருமகனே, பழத்தைப் பாரு, என்னை ஏன் பார்க்கிற?" என்றார்.

உங்கள் வீட்டு சஹனைச் சுற்றி உட்காரும்போது, யார் எதைச் சாப்பிடாமல் ஒதுக்குகிறார் என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவருக்கு விழுங்கச் சிரமம் இருந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

நோயுற்றவர்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், கவனிப்பவர்களுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.